உளப்பகுப்பாய்வும் இலக்கிய வாசிப்பும்

உளப்பகுப்பாய்வைத் தோற்றுவித்த சிக்மண்ட் பிராய்டு (1856–1939) நரம்பியல் மருத்துவர். ஆனால் எதிரில் இருப்பவர் பேசப் பேசக் காதுகொடுத்துக் கேட்பதை அவர் முதலில் பழகியது கதைகளிடம்தான் என்று கருத இடமிருக்கிறது.

பள்ளி நாள்களில் நண்பர் எட்வர்ட் சில்பர்ஸ்டைனுடன் சேர்ந்து, ஆசிரியர் இல்லாமலே ஸ்பானிய மொழி கற்றார். இருவரும் விரும்பிப் படித்தது, செர்வாண்டிஸ் 1613இல் வெளியிட்ட, இரு நாய்கள் உரையாடும் கதை. வயாடோலிட் நகர மருத்துவமனையில் ஓர் இரவு திடீரெனப் பேச்சு வாய்க்கப்பெற்ற பெர்கான்சா தன் வாழ்க்கையைச் சொல்கிறது. சிப்பியோன் கேட்கிறது, குறுக்கிட்டுக் கருத்துச் சொல்கிறது, பேச்சு தடம் மாறினால் திருப்பிக் கொண்டுவருகிறது. நண்பருக்கு எழுதிய கடிதங்களில் பிராய்டு தன்னைச் சிப்பியோன் என்றே அழைத்துக்கொண்டார். பின்னாளில் வியன்னாவில், நோயாளி படுத்திருக்கும் சாய்மெத்தையின் தலைமாட்டில் உட்கார்ந்து அவர் செய்த வேலையும் ஏறத்தாழ அதுவே.

1895இல் சக மருத்துவர் புரோயருடன் எழுதிய ஹிஸ்டீரியா ஆய்வுநூலில், தன் நோயாளி வரலாறுகள் சிறுகதைகள்போல அமைந்துவிடுவதை அவரே வியப்போடு குறிப்பிட்டார். தாயை விரும்பித் தந்தையைப் போட்டியாளராகக் காணும் குழந்தை மனத்தைச் சுட்டும் ஈடிபஸ் கருத்தை 1897 அக்டோபரில் நண்பர் பிளீசுக்கு எழுதியபோது சோபக்கிளிசின் நாடகத்தையும் ஹாம்லெட்டையும் சேர்த்தே பேசினார். பகுப்பாய்வாளர் பயிற்சியில் புராணமும் இலக்கியமும் இடம்பெற வேண்டும் என்று 1926இல் வலியுறுத்தினார்.

நோயாளியை இப்படிக் கதையாக வாசிப்பதில் ஆபத்தும் உண்டு. கதையின் போக்கை முன்கூட்டியே அறிந்தவர், நோயாளி சொல்வதை அந்தப் போக்கிலேயே கேட்கத் தொடங்கிவிடுவார். ‘டோரா’ என்ற புனைபெயரில் அறியப்படும் இளம்பெண், தந்தையின் நண்பர் தன்னிடம் அத்துமீறியதைச் சொன்னாள். பிராய்டோ அவள் உள்ளூர அந்த நண்பரைக் காதலித்ததாக வாதிட்டார். 1900 இறுதியில் அவள் சிகிச்சையைப் பாதியில் நிறுத்திக்கொண்டாள். அவள் சொன்னதைவிடத் தன் விளக்கத்தையே அவர் நம்பினார் என்பதே 1905இல் வெளியான அந்த வரலாற்றைப் படிக்கையில் தோன்றுவது.

இதற்கான மாற்றும் இலக்கியத்திலிருந்தே வந்தது. மதுராவில் பிறந்த ஆங்கிலேயப் பகுப்பாய்வாளர் வில்பிரெட் பியான் (1897–1979), மருத்துவம் பயின்ற கவிஞர் ஜான் கீட்ஸ் 1817 டிசம்பரில் தன் சகோதரர்களுக்கு எழுதிய கடிதத்தில் ‘எதிர்மறைத் திறன்’ என்னும் கருத்தைக் கண்டெடுத்தார். விடை தெரியாத நிலையிலும் பதறாமல், அவசரமாகக் காரணம் தேடாமல் தரித்திருக்கும் ஆற்றல் அது. முந்தைய அமர்வின் நினைவையும் குணப்படுத்திவிட வேண்டும் என்ற விருப்பத்தையும் ஒதுக்கிவிட்டே சிகிச்சையாளர் ஒவ்வொரு அமர்விலும் உட்கார வேண்டும் என்று 1967இல் எழுதிய பியான், 1970இல் வந்த தன் நூலில் கீட்சின் அந்தக் கருத்தைப் பகுப்பாய்வாளருக்கு வேண்டிய மனநிலையாகவே முன்வைத்தார்.