இரண்டு மணிகளுக்கு நடுவே

திருச்சுழிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் வேதக்கோயிலில், ஞாயிற்றுக்கிழமை முதல் மணிக்கும் இரண்டாம் மணிக்கும் நடுவே அரை மணி நேரம் இருந்தது. அது போய்விட்டது. எந்த வருஷம் போனது என்று யாரும் குறித்து வைக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மணி என்றால் வேம்பில் கட்டித் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு. உபதேசியார் கம்பியால் அடிப்பார். முதல் மணி கேட்டதுமே அப்பத்தா அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பிவிடுவாள். கால் கழுவி, பெண்கள் பக்கத்துப் பாயில் உட்கார்ந்து, முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொள்வாள். அதன்பிறகு இரண்டாம் மணி வரை யாரோடும் பேச்சில்லை. முப்பது நாற்பது பேர் இருந்தும் ஓட்டின்மேல் அணில் ஓடுவது கேட்கும்.

அவளுக்கு எழுத்து தெரியாது. போன வாரம் வாசிக்கக் கேட்டதில் ஒரே ஒரு வசனத்தை எடுத்து மனசில் முடிந்துகொள்வாள். பருத்தி எடுக்கும்போதும் அதுதான், ஆட்டுக்குக் குழை ஒடிக்கும்போதும் அதுதான். “கண்ண மூடி என்னத்த அப்பத்தா யோசிக்கிற?” என்று கேட்டிருக்கிறேன்.

“மாடு மேயையில அள்ளிப் போட்டுக்கிருது. படுத்த பெறகுதானய்யா அசைபோடுது. நான் இப்பப் படுத்த மாடு.”

முதல் சங்கீதத்தில் தியானம் என்று வரும் இடத்தில் உள்ள எபிரெயச் சொல்லுக்கு வாய்க்குள் முணுமுணுத்தல் என்றும் பொருள் உண்டு. ஐரோப்பிய மடத்துத் துறவிகள் வேதவாசிப்பை அசைபோடுதல் என்றே சொல்லிவந்தார்கள். இதையெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டது அவள் போன பிறகு.

மௌனம் என்றால் எங்கள் பக்கத்தில் ரமணரும் நினைவுக்கு வருவார். 1879இல் திருச்சுழியில் பிறந்த அவர் மதுரையில் அமெரிக்கன் மிஷன் பள்ளியில் படித்தவர். அதே மிஷன் எங்கள் பக்கத்து மண்டபசாலையிலும் ஊழியம் செய்தது. தம்மிடம் வந்தவர்களுக்கு ரமணர், “அமர்ந்திருந்து, நானே தேவனென்று அறிந்துகொள்ளுங்கள்” என்ற 46ஆம் சங்கீதத்தின் பத்தாம் வசனத்தைச் சுட்டிக்காட்டுவதுண்டு. 1949 ஜனவரியில் பிரெஞ்சுத் துறவி ஆன்றி லெ சோ திருவண்ணாமலைக்கு வந்து அவர் முன்னால் உட்கார்ந்தார். மறு வருஷம் பிரெஞ்சுப் பாதிரியார் மொன்ஷானோடு சேர்ந்து குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில் சாந்திவனம் ஆசிரமத்தைத் தொடங்கினார். அப்பத்தாவின் மௌனம் அந்த வகையல்ல. அவள் சும்மா இருக்கவில்லை, ஒரு வசனத்தோடு இருந்தாள். ஆனாலும் கடல் கடந்து வந்து ஒருவர் தேடிய பொருளுக்கு மிக நெருங்கிய ஒன்று எங்கள் பாயில் வாராவாரம் கிடந்தது என்றே நம்புகிறேன்.

ஒரு இராப்போஜன ஞாயிறு இன்னும் கண்ணில் நிற்கிறது. வரப்புத் தகராறில் இரண்டு வருஷமாகப் பேசாத அண்ணன் தம்பி. அந்த அரை மணியின் நடுவில் அண்ணன் எழுந்து வெளியே போனார். இரண்டாம் மணி அடிக்கும்போது தம்பியைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து பக்கத்தில் உட்காரவைத்தார். பிரசங்கம் அப்போது தொடங்கியிருக்கவே இல்லை.

கரிசலில் கோடை உழவு போடாவிட்டால் பெய்கிற மழை ஓடையோடு போய்விடும். அந்த அரை மணி எங்களுக்குக் கோடை உழவு.

அதை ஒரே நாளில் யாரும் நிறுத்திவிடவில்லை. போதகர் ஐயருக்கு ஊர்கள் கூடின. ஒரு ஆராதனை முடித்து அடுத்த ஊருக்கு பைக்கில் ஓட வேண்டியிருந்தது. மைக் வந்தது, கீபோர்டு வந்தது. முதல் மணி அடிக்கும் நேரத்தில் ஒலிபெருக்கியைச் சரிபார்த்தார்கள். பிள்ளைகள் நன்றாகத்தான் பாடுகிறார்கள், அதில் எனக்கு மனக்குறை இல்லை. ஆனால் பாட்டுக்கு முன்னால் இருந்த இடமும் பாட்டுக்கே போய்விட்டது. என் போனுக்கும் விடிந்தால் ஐந்தாறு வசனம் வருகிறது. பார்க்கிறேன், தள்ளிவிடுகிறேன். மேய்ச்சலுக்குக் குறைவில்லை, படுக்கத்தான் நேரமில்லை.

போன கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனேன். தண்டவாளத் துண்டு அங்கேயேதான் தொங்குகிறது. கட்டியிருந்த கம்பியை வேப்பம்பட்டை மூடி வளர்ந்துவிட்டது. அதே கிளை வழியாக ஒலிபெருக்கிக்கு வயர் போகிறது. விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருந்ததில் அது ஒலித்ததா என்று தெரியவில்லை.