வாக்கிய இணைப்பும் அண்ணல் அம்பேத்கரும்

ஆங்கில இலக்கணத்தில் வாக்கிய இணைப்பு என்றொரு பகுதி உண்டு. இரண்டு மூன்று சிறு வாக்கியங்களைக் கொடுத்து, அவற்றை ஒரே வாக்கியமாக்குக என்பார்கள். விதிகளை நெட்டுருச் செய்து மதிப்பெண் பெற்றபின் நம் மாணவர்கள் இதனைத் திரும்பிப் பார்ப்பதில்லை. இதற்குள் நம் சமுதாய வரலாற்றோடு தொடர்புடைய செய்தி ஒன்று அடங்கியிருப்பதால் ஈண்டு எழுதத் துணிந்தேன்.

இப்பயிற்சியை இந்திய வகுப்பறைகளில் பரப்பிய நூல்களுள் ஜே. சி. நெஸ்பீல்டு என்னும் ஆங்கிலேயரின் இலக்கண நூல்கள் முக்கியமானவை. அவை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் புகழ்பெற்றன. 1930களில் வந்த ரென், மார்ட்டின் இருவரின் நூல் பின்னர் அவ்விடத்தைப் பெற்றது. ரென் நாவலாசிரியருங்கூட, 1924இல் வெளிவந்த 'போ ஜெஸ்ட்' அவருடையதே. எனினும் அந்நாவலைவிட இலக்கண நூலையே நம் நாட்டார் மிகுதியாகப் புரட்டியிருப்பர் என்பது என் எண்ணம்.

இணைப்பு என்பது வெறும் ஒட்டுவேலை அன்று. 'அவன் ஏழை. அவன் படிக்கவில்லை.' இவ்விரண்டையும் 'ஏழையாதலால் அவன் படிக்கவில்லை' என இணைக்கலாம். 'படிக்காமையால் அவன் ஏழையானான்' எனவும் இணைக்கலாம். சொற்கள் ஏறத்தாழ அவையே. ஆனால் பழி சென்று சேரும் இடம் வேறாகிவிடுகிறது. முதலாவதில் குற்றம் வறுமையின்மீது, இரண்டாவதில் அவன்மீது. எது தலைமைத் தொடர், எது சார்புத் தொடர் என்று முடிவு செய்பவன், எது காரணம், எது விளைவு என்றும் முடிவு செய்துவிடுகிறான். நம்மைப் பற்றி நெடுங்காலம் பிறரே எழுதிவந்தனர், இணைத்தவர்களும் அவர்களே.

இனி அச்செய்திக்கு வருவோம். வடமேற்கு மாகாணங்களில் கல்வித்துறை அதிகாரியாக இருந்த அதே நெஸ்பீல்டு, 1885இல் அம்மாகாணங்களின் சாதிமுறை குறித்தும் ஒரு நூல் எழுதினார். சாதி என்பது பிற வகுப்போடு தொடர்பை மறுப்பது. தன் வகுப்பாரன்றிப் பிறரோடு மணஉறவும் கொள்ளாதது, உண்பதும் இல்லாதது, பருகுவதும் இல்லாதது என்னும் கருத்தில் அவர் வரையறை செய்தார். இலக்கண ஆசிரியருக்குரிய ஒழுங்கான வாக்கியந்தான். மணம், உணவு, நீர் மூன்றும் ஒரே வரிசையில் சமமாக நிற்கின்றன.

1916 மே 9ஆம் நாள் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், 25 வயது மாணவராயிருந்த அண்ணல் அம்பேத்கர் இந்தியச் சாதிகள் பற்றிய தம் கட்டுரையைப் படித்தார். நெஸ்பீல்டின் வரையறையை எடுத்துக்கொண்டு, அவர் விளைவைக் காரணமாகக் கருதிவிட்டார் என்று காட்டினார். தன் சாதிக்குள்ளேயே மணப்பதுதான் சாதியின் உயிர்நிலை. பிறரோடு உண்ணாமை முதலியன அடைத்துக்கொண்ட கூட்டத்தில் இயல்பாக விளைபவை என்பது அவர் முடிவு. சமமாக நின்ற வரிசையைப் பிரித்து, ஒன்றைத் தலைமையாகவும் மற்றவற்றைச் சார்பாகவும் அண்ணல் மாற்றி அமைத்தார். வாக்கியம் இணைக்கக் கற்பித்தவரின் வாக்கியத்தையே நம்மவர் ஒருவர் திருத்தி இணைத்தார் எனலாம்.

அவர் தலைமையேற்ற வரைவுக்குழு ஆக்கித்தந்த அரசியலமைப்பு 1949 நவம்பர் 26இல் ஏற்கப்பட்டது. அதன் ஆங்கில முகப்புரை முழுவதும் ஒரே வாக்கியம். நம் பிள்ளைகள் அஞ்சும் இணைப்பு முறைகள் பலவும் அதில் உள்ளன. 'நாம்' என்பதை அடுத்து 'இந்திய மக்கள்' என்பது ஒட்டுப்பெயராக நிற்கிறது. 'தீர்மானித்து' என்னும் பொருளில் எச்சத் தொடர் வருகிறது. நாட்டை அமைக்கவும், நீதி, சுதந்திரம், சமத்துவம் ஆகியவற்றை உறுதி செய்யவும், சகோதரத்துவத்தை வளர்க்கவும் என்னும் நோக்கங்கள் அத்தீர்மானத்தில் தொங்குகின்றன. ஏற்று, சட்டமாக்கி, நமக்கே வழங்கிக்கொள்கிறோம் என்னும் முற்றுவினைகள் மூன்றும் கடைசியிலேதான் வருகின்றன. தமிழில் வினைமுற்று இறுதியில் நிற்பது இயல்பாதலால், இதனைப் படிக்க நம் இளைஞர்களுக்கு ஆங்கிலேயரைவிட எளிதாக இருக்க வேண்டும், பயிற்சிதான் இல்லை. 1976இல் 42ஆவது திருத்தத்தின்படி சமதர்மம், சமயச்சார்பின்மை, ஒருமைப்பாடு ஆகியவற்றைக் குறிக்கும் சொற்கள் இதில் சேர்க்கப்பட்டன. அப்போதும் வாக்கியம் ஒன்றாகவே இருந்தது.