புளிப்பிலிருந்து எண்ணுக்கு: அமிலக் கொள்கை வளர்ந்த வரலாறு

விஞ்ஞான வரலாற்றை வெற்றிகளின் வரிசையாக மட்டும் நோக்குவது பொருந்தாது. பேரறிஞர் ஒருவரின் தவறு மொழியிலேயே உறைந்துவிடுவதும், மாணவன் ஒருவனின் உண்மை குறைந்த தரத்தோடு ஒதுக்கப்படுவதும் அவ்வரலாற்றின் பகுதிகளே. அமிலம் பற்றிய கொள்கையின் வளர்ச்சி இதனை நன்கு உணர்த்துகின்றது.

தொடக்கத்தில் அமிலத்தை அறியும் கருவியாக நாவே விளங்கியது. புளிப்பது அமிலம், கைக்கு வழுவழுப்பாக இருப்பது காரம் என்பதே பழைய அறிவு. 1664இல் இங்கிலாந்தின் இறொபேட் பொயில் தம் நூலொன்றில், வயலற் மலர்ச்சாறு அமிலத்தாற் செந்நிறமும் காரத்தாற் பசுநிறமும் அடைவதை விளக்கினார். இதன்வழி, சுவையின் இடத்தை நிறம் பெறத் தொடங்கியது. ஆயினும் அமிலத்தை அமிலமாக்குவது யாது என்ற வினா எஞ்சி நின்றது.

அவ்வினாவுக்குப் பிரான்சின் இலவோசியே விடை கூறினார். கந்தகமும் பொசுபரசும் எரிந்து தரும் பொருள்கள் நீருடன் சேர்ந்து அமிலங்களாவதைக் கண்ட அவர், எரிதலுக்குத் துணையாகும் வாயுவே எல்லா அமிலங்களுக்கும் அடிப்படை என முடிவு செய்து, கிரேக்க மொழியில் 'அமிலத்தைப் பிறப்பிப்பது' எனப் பொருள்படும் ஒட்சிசன் என்ற பெயரை அதற்குச் சூட்டினார். 1794இல் புரட்சி அரசு அவரது தலையைக் கொய்தபோதும், அவர் கொள்கை தலைநிமிர்ந்தே நின்றது. உப்பிலிருந்து பெறப்படும் அமிலத்திலும் ஒட்சிசன் மறைந்திருத்தல் வேண்டும் என அறிஞர் நம்பினர். 1810இல் அம்ப்றி டேவி, குளோரீன் ஒரு மூலகம் என்பதையும், அவ்வமிலத்தில் ஐதரசனும் குளோரீனுமேயன்றி ஒட்சிசன் இல்லை என்பதையும் நிலைநாட்டினார். கொள்கை வீழ்ந்தது, பெயரோ நிலைத்துவிட்டது. உயிர்ப்பை நோக்கித் தமிழில் வழங்கும் 'பிராணவாயு' என்ற பெயர் இத்தவறிலிருந்து தப்பியது என்பது குறிப்பிடத்தக்கது.

இதன்பின் கவனம் ஐதரசனை நோக்கித் திரும்பியது. உலோகத்தாற் பதிலீடு செய்யத்தக்க ஐதரசனைக் கொண்டதே அமிலம் என 1838இல் ஜேர்மனியரான இலீபிக்கு வரையறுத்தார். ஆனால், ஒரே அளவு ஐதரசனைத் தரவல்ல இரு அமிலங்களுள் ஒன்று வலிமையுடையதாகவும் மற்றையது மென்மையானதாகவும் இருப்பது ஏன்? சுவீடனைச் சேர்ந்த சுவாந்தே அரேனியசு, 1884இல் உப்சாலாப் பல்கலைக்கழகத்துக்குச் சமர்ப்பித்த கலாநிதிப்பட்ட ஆய்வேட்டில், கரைசல்கள் மின்னைக் கடத்துமாற்றை ஆராய்ந்து இவ்வினாவுக்கு வழி திறந்தார். பேராசிரியர்கள் அவ்வேட்டுக்குக் குறைந்த தரத்தையே வழங்கினர். எனினும், றீகா நகரிலிருந்த ஒசுவால்டு அதன் பெறுமதியை உணர்ந்து, அதே ஆண்டில் உப்சாலாவுக்கே சென்று அவ்விளைஞரைச் சந்தித்தார். கரைசலில் மின்பகுபொருள்கள் அயன்களாகப் பிரிந்தே உள்ளன என்ற கொள்கை 1887இல் முழுவடிவம் பெற்றது. வன்னமிலம் ஏறக்குறைய முற்றாகவும் மென்னமிலம் சிறிதளவே பிரிகின்றன என்பதே முன்னைய வினாவுக்கான விடையாயிற்று. 1903இல் அரேனியசுக்கு இரசாயனவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

இக்கருத்தை எண்ணாக மாற்றியது ஒரு மதுவடிசாலையின் ஆய்வுகூடமாகும். கோப்பன்கேகனில் யாக்கோப்சன் என்ற அதிபர் நிறுவிய காள்சுபேக்கு ஆய்வுகூடத்தில், எந்த ஆய்வு முடிவும் இரகசியமாக வைக்கப்படலாகாது என்பது விதியாக இருந்தது. அங்கு இரசாயனப் பகுதியின் தலைவராக இருந்த சோரன்சன் நொதியங்களை ஆராய்ந்தபோது, அவற்றின் தொழிற்பாடு கரைசலிலுள்ள மொத்த அமிலத்தின் அளவைவிட, பிரிந்து நிற்கும் ஐதரசன் அயன்களின் செறிவிலேயே தங்கியிருப்பதை உணர்ந்தார். அச்செறிவுகள் மிகச் சிறிய எண்களாதலால், அவற்றின் மடக்கையை எடுத்துக் குறியை மாற்றி எழுதும் முறையை 1909இல் வெளியிட்டார். அதுவே பி.எச். பெறுமானம்.

உதாரணமாக, இலீற்றருக்கு 0.1 மூல் ஐதரோகுளோரிக்கமிலத்தின் பி.எச். ஏறத்தாழ 1, அதே செறிவுடைய அசற்றிக்கமிலத்துக்கு அது ஏறத்தாழ 2.9. இரண்டினதும் சம கனவளவுகளை நடுநிலையாக்கச் சம அளவு சோடியமைதரொட்சைட்டுத் தேவைப்படும்; ஆனால் ஐதரசன் அயன் செறிவிலோ முன்னது பின்னதைவிட ஏறத்தாழ 75 மடங்கு மிகுந்தது. கணிப்பில் அவதானமும் வேண்டும். ஐதரோகுளோரிக்கமிலத்தை இலீற்றருக்கு 0.00000001 மூல் வரை ஐதாக்கினால், சூத்திரத்தை இயந்திரமாகப் பயன்படுத்துவோர் 8 எனக் கூறுவர். அமிலம் எவ்வளவு ஐதாயினும் காரமாக மாறாது. நீர் தானே தரும் அயன்களையும் சேர்த்தால், 25 பாகை செல்சியசில் சரியான விடை 6.98 ஆகும்.

அரேனியசின் வரையறையும் முடிவானதன்று. 1923இல் புறோன்சுதெட்டும் இலோறியும் தனித்தனியே, புரோத்தனை வழங்குவது அமிலம், ஏற்பது மூலம் என்றனர். அதே ஆண்டில் அமெரிக்கரான இலூயிசு, இலத்திரன் சோடியை ஏற்பதே அமிலம் என மேலும் விரிவுபடுத்தினார். சோரன்சனும் 1924இல் தம் வரையறையைத் தாமே திருத்தினார்.

இலவோசியேயின் புகழ் அவர் கொள்கையைக் காக்கவில்லை. உப்சாலாவின் தீர்ப்பு அரேனியசின் கொள்கையைத் தடுக்கவுமில்லை. ஆனால் ஓர் ஒசுவால்டு தேடிச் செல்லாதிருந்தால், அவ்வுண்மை வெளிப்பட இன்னும் எத்தனை ஆண்டுகள் சென்றிருக்குமோ! ஆய்வேடுகளை எழுதுவோரும் அவற்றை மதிப்பிடுவோரும் ஒருங்கே வாழும் பல்கலைக்கழகங்கள் சிந்திக்கவேண்டிய வினா இதுவே.