ஐந்து மைலுக்குள் வீடு

இங்கிலாந்தில் 1917-ல் பிறந்த கட்டிடக் கலைஞர் லாரி பேக்கர் 1940-களில் இந்தியா வந்தார். வீட்டுக்கு வேண்டிய சாமான் ஐந்து மைலுக்குள் கிடைக்கணும் என்றார் காந்தியடிகள். 2007-ல் மறையும்வரை பேக்கருக்கு அதுதான் வேதம்.

திருவனந்தபுரத்தில் 1970-களில் அவர் கட்டிய வளர்ச்சி ஆய்வு மையத்தில் செங்கல் ஜாலிச் சுவர் வழியே காற்று புகும். செங்கல்லைக் குத்தாக நிறுத்தி, நடுவே பொந்து விடும் ‘எலிப்பொறிக் கட்டை’யும் பரப்பினார். நாலில் ஒரு பங்கு கல் மிச்சம். சூளை விறகும் மிச்சம். பொந்துக் காற்று வெயிலைத் தடுக்கும். அடி வரி, உச்சி வரி, ஜன்னல் ஓரம் மட்டும் கெட்டியாக இருக்கணும். கான்கிரீட் கூரையின் அடிப்பாகத்தில் பழைய ஓடு பதித்துச் சிமெண்டைக் குறைத்தார்.

பழைய வீட்டைப் பிரிக்கிறீங்களா? ஓடு, கதவு, செங்கல்லை வந்த விலைக்குத் தள்ளிவிடாதீங்க. கடன் வாங்குமுன் கொத்தனாரிடம் கேளுங்க, எது மறுபடி உதவும் என்று.