அடக்கியும் வளர்ச்சியும்: பாக்டீரியா மரபணுவியலில் விடுபட்ட பாதி

1961இல் பிரான்சுவா ஜக்கோபும் ஜாக் மோனோவும் பாரீஸின் பாஸ்டர் நிறுவனத்திலிருந்து எழுதிய கட்டுரை, மரபணு பற்றிய பேச்சையே மாற்றிப்போட்டது. ஒரு மரபணு இன்னொன்றை அடக்கி வைக்கும். அடக்கியை விலக்கினால் அடங்கிக் கிடந்தது செயல்படும். 'ஒழுங்குபடுத்தி', 'அடக்கி', 'இயக்கி', 'தூது' – சொற்களைக் கொஞ்சம் கவனியுங்கள், எல்லாமே நிர்வாகத்தின் சொற்கள். ஆணையிடுவது யார், கீழ்ப்படிவது யார் என்பதே உயிரியலின் முதல் கேள்வியாயிற்று. 1965இல் ஆந்த்ரே லுவாஃபோடு இவர்கள் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டபின் இந்தக் கதையாடலே பாடப்புத்தகமும் ஆனது.

வேடிக்கை என்னவென்றால், மோனோ தொடங்கியதே வளர்ச்சியிலிருந்துதான். 1942இல் வெளியான அவருடைய ஆய்வேடு பாக்டீரியாவின் வளர்ச்சிக் கோடுகளைப் பற்றியது. சில சர்க்கரைகளை இரண்டிரண்டாகக் கலந்து வைத்தால், அது ஒன்றைத் தின்று தீர்த்து, சற்று நின்று, பிறகுதான் மற்றதைத் தொடும். அந்த இடைநிற்றலில் பிறந்த கேள்விதான் பின்னால் அடக்கியில் போய் முடிந்தது. ஆனால் 1950களில் அவர் குழு நொதியின் அளவை நேரத்தோடு வைத்துப் பார்க்காமல், பெருகும் பாக்டீரியத் திரளோடு வைத்து வரைந்தது. கணக்கு சுத்தமானது, வளர்ச்சி கழிந்துபோனது. இதில் மோசடி எதுவும் இல்லை, நல்ல உத்திதான். ஆனால் உத்திக்காக ஒதுக்கி வைத்ததை நாம் இல்லாததாகவே எடுத்துக்கொண்டோம்.

அதே காலத்தில் கோபன்ஹேகனில் வேறொரு கேள்வி எழுந்தது. 1958இல் ஷேக்டர், மாலோ, கெல்ட்கார்ட் மூவரும் சால்மொனெல்லாவைப் பலவிதமான ஊட்டக் கரைசல்களில் வளர்த்தார்கள். செல் எவ்வளவு பருமன், அதில் டிஎன்ஏ எவ்வளவு, ஆர்என்ஏ எவ்வளவு என்பதெல்லாம் வளர்ச்சி வேகத்தைப் பொறுத்தே இருந்தன. எதைத் தின்றது என்பதல்ல, எவ்வளவு வேகமாக வளர்கிறது என்பதே விஷயம்.

அடுத்து, இடம். 1963இல் ஜான் கெய்ர்ன்ஸ் எடுத்த படத்தில் ஈ.கோலியின் குரோமோசோம், ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான நீளத்தில், வளையமாகத் தெரிந்தது. செல்லின் நீளமோ அதில் ஐநூறில் ஒரு பங்குதான். இந்த வளையத்தை நகலெடுக்கும் வேலை ஒரு தொடக்கப் புள்ளியில் ஆரம்பித்து, இரு பக்கமும் ஓடி, எதிர்முனையில் முடிகிறது. இதற்குச் சுமார் 40 நிமிடம் ஆகும் என்று 1968இல் கூப்பரும் ஹெல்ம்ஸ்டெட்டரும் காட்டினார்கள். ஆனால் நல்ல தீனி கிடைத்தால் செல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை பிரிகிறதே, எப்படி? முதல் சுற்று முடியுமுன்பே அடுத்த சுற்று தொடங்கிவிடுகிறது. அப்போது எதிர்முனையில் ஒரு பிரதி இருந்தால், தொடக்கப் புள்ளியருகே சராசரியாக நான்கு இருக்கும். இதை எந்த அடக்கியும் ஆணையிடவில்லை.

ரைபோசோம் ஆர்என்ஏவுக்கான ஏழு தொகுதிகளில் பெரும்பாலானவை ஈ.கோலியில் தொடக்கப் புள்ளியின் பக்கமே இருப்பது இதனோடு பொருந்துகிறது. 2015இல் காலரா கிருமியில் ரைபோசோம் புரத மரபணுத் தொகுதி ஒன்றைத் தொடக்கப் புள்ளியிலிருந்து தள்ளி வைத்துப் பார்த்தார்கள். மரபணு அதேதான், இடம் மட்டுமே வேறு. வளர்ச்சி மந்தமானது, நோய்த்தொற்றும் திறனும் குறைந்தது. 2009இல் கிளம்ப், ஷாங், ஹுவா மூவரும் காட்டியது இன்னும் அடிப்படையானது: எந்த ஒழுங்குபடுத்தியும் இல்லாத மரபணுவின் புரதச் செறிவுகூட வளர்ச்சி வேகத்தோடு மாறுகிறது, வேகம் கூடினால் குறைகிறது.

அப்படியானால் ஜக்கோபும் மோனோவும் பொய்யா? இல்லை. 1966இல் கில்பர்ட்டும் முல்லர்-ஹில்லும் அடக்கியைப் பிரித்தெடுத்தே காட்டிவிட்டார்கள். அது ஒரு புரதம், கற்பனை அல்ல. ஆனால் ஓர் ஆணை, எத்தனை பிரதிகள் உள்ள இடத்தில், எத்தனை ரைபோசோம்கள் உள்ள செல்லில், எந்த வேகத்தின் நடுவே வந்து விழுகிறது என்று கேட்காதவரை, நம் கையில் இருப்பது ஆணையிடுபவர்களின் வரலாறு மட்டும்தான்.