கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகிறதா? ஃபார்மேட் போடும் முன் இதைப் பாருங்கள்

வேலை ஓடிக்கொண்டிருக்கும்போதே திரை சட்டென்று இருண்டுபோகிறது. சில விநாடிகளில் மதர்போர்டு லோகோ. பிறகு ஒன்றுமே நடக்காதது போல விண்டோஸ் உங்களிடம் பாஸ்வேர்டு கேட்கிறது. அன்று முழுக்க மறுபடி எதுவும் ஆகாது. மூன்று நாள் கழித்து, கிளையன்ட் காலுக்கு நடுவில், மீண்டும் அதே கதை.

டெஸ்க்டாப் கோளாறுகளில் தேவையில்லாமல் காசு கரைக்கும் கோளாறு இது. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் அங்கே நாள் முழுக்க நல்ல பிள்ளையாக ஓடும். "ஓஎஸ் கரப்ட் ஆகியிருக்கும் சார், ஃபார்மேட் பண்ணிடலாம்" என்பார்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால் ரேம், அப்புறம் எஸ்எஸ்டி, கடைசியில் மதர்போர்டு. ஃபார்மேட்டே கூடாது என்பதில்லை. ஆனால் அதை முதல் வேலையாகச் செய்தால், காரணத்தைக் காட்டக்கூடிய பதிவுகளும் சேர்ந்து அழிந்துவிடும்.

அதற்கும் முன்னால், முக்கியமான ஃபைல்களை இன்றைக்கே வேறொரு டிஸ்கிலோ கிளவுடிலோ காப்பி எடுத்துவிடுங்கள். எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் மின்சாரம் அறுபட்டால் ஃபைல் கெடலாம்.

விண்டோஸ் கடைசியாக என்ன எழுதிவைத்தது?

ஸ்டார்ட் மெனுவில் 'ரிலையபிலிட்டி' என்று தேடினால் ஒரு காலண்டர் போன்ற வரைபடம் வரும். எந்தத் தேதியில் எது விழுந்தது, அதற்கு முன் எந்த அப்டேட், எந்த டிரைவர் ஏறியது என்று ஒரே பார்வையில் தெரியும். விண்டோஸிலேயே இருக்கிறது, ஆனால் பலர் திறந்துகூடப் பார்த்ததில்லை.

அடுத்து 'ஈவென்ட் வியூவர்'. அதில் 'விண்டோஸ் லாக்ஸ்', அதற்குள் 'சிஸ்டம்'. பெரும்பாலும் 'கெர்னல்-பவர் 41' என்ற சிவப்பு வரி கண்ணில் படும். பவர் என்ற சொல்லைப் பார்த்ததும் பவர் சப்ளை போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். கம்ப்யூட்டர் திரும்ப எழுந்த பிறகு, "போன தடவை நான் ஒழுங்காக அணைக்கப்படவில்லை" என்று விண்டோஸ் எழுதும் குறிப்பு அது. காரணம் அதில் இருக்காது.

துப்பு அந்த வரியின் 'டீடெய்ல்ஸ்' பகுதியில் இருக்கிறது. அங்கே 'பக்செக்கோட்' என்ற இடத்தில் பூஜ்ஜியம் அல்லாத எண் இருந்தால், விண்டோஸ் ஏதோ பிழையைக் கண்டு தானாகவே நின்றிருக்கிறது. டிரைவர், ரேம், டிஸ்க், பிராசசர் எதுவாகவும் இருக்கலாம். பூஜ்ஜியம் என்றால், பிழையைப் பதிவு செய்யக்கூட அதற்கு அவகாசம் கிடைக்கவில்லை. மின்சாரம் அறுபட்டிருக்கலாம், அல்லது மொத்தமாக உறைந்துபோய் நீங்களே பட்டனை அழுத்தி அணைத்திருக்கலாம். அருகிலேயே 'டபிள்யூஎச்இஏ லாகர்' என்ற பெயரில் பிழைகள் வந்திருந்தால், ஹார்டுவேர் தன் வாயாலேயே புகார் சொல்கிறது என்று அர்த்தம்.

இன்னொரு செட்டிங்கையும் மாற்றிவைக்க வேண்டும். பிழைத் திரை கண்ணில் படும் முன்பே ரீஸ்டார்ட் ஆகிவிடும்படிதான் விண்டோஸ் அமைக்கப்பட்டிருக்கிறது. 'அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்' போய், 'ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி'க்குள் 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' டிக்கை எடுத்துவிடுங்கள். அடுத்த முறை அந்தத் திரை நிற்கும், ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளலாம். புதிய விண்டோஸ் 11-ல் அது நீலமாக இல்லாமல் கறுப்பாக இருக்கும். டிக் எடுத்த பிறகும் எந்தத் திரையும் வராமல் ரீஸ்டார்ட் ஆனால், சந்தேகம் மின்சாரத்தின் பக்கம் சாய்கிறது.

ஒரு சின்ன ஷீட் போடுங்க

டேட்டாவோடு பிழைப்பு நடத்துபவள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். தேதி-நேரம், அப்போது என்ன ஓடியது, வீட்டில் வேறு என்ன மின்சாதனம் கிளம்பியது, திரையில் ஏதாவது எழுத்து வந்ததா என்று நாலே காலம் போதும். ஐந்தாறு வரி சேர்ந்ததும் பெரும்பாலும் ஒரு வடிவம் தெரியும். கேம், வீடியோ ரெண்டர், மாடல் டிரெயினிங் மாதிரி கனமான வேலையில் மட்டும் விழுந்தால் பவர் சப்ளை, சூடு, கிராஃபிக்ஸ் கார்டு. சும்மா இருக்கும்போது விழுந்தால் டிரைவர், ரேம், பயாஸ் செட்டிங். ஃப்ரிட்ஜ், ஏசி, தண்ணி மோட்டார் போடும் நேரத்தோடு ஒத்துப்போனால் கேபினெட்டைத் திறக்கவே வேண்டாம், சுவரைப் பாருங்கள்.

மின்சாரம்: முதல் சந்தேக நபர்

நம் ஊர் மின்சாரம் 230 வோல்ட், விநாடிக்கு 50 சுற்று. ஒரு சுற்று 20 மில்லி விநாடி. மின்சாரம் நின்றாலும் தன்னிடம் உள்ள மிச்சத்தை வைத்து ஒரு டெஸ்க்டாப் பவர் சப்ளை சுமார் 16, 17 மில்லி விநாடி தாக்குப்பிடிக்கும் என்பதுதான் வடிவமைப்புக் கணக்கு. அதாவது ஒரு சுற்றுகூட முழுசாக இல்லை. கெபாசிட்டர்கள் பழசாக ஆக அந்த அவகாசமும் சுருங்கும். பல்பு லேசாகச் சிமிட்டும் நேரத்தில் கம்ப்யூட்டர் விழுந்து எழுந்துவிடும்.

"அதான் யூபிஎஸ் இருக்கே" என்பீர்கள். சாதாரண யூபிஎஸ்ஸில் இருக்கும் லெட்-ஆசிட் பேட்டரியின் ஆயுள் இரண்டு மூன்று வருடம்தான். எல்லா ஃபைலையும் மூடிவிட்டு, யூபிஎஸ்ஸின் பிளக்கை சுவரிலிருந்து எடுத்துப் பாருங்கள். கம்ப்யூட்டர் உடனே அணைந்தால், அந்தப் பெட்டி இத்தனை நாளும் வெறும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸாகத்தான் இருந்திருக்கிறது. 600 விஏ என்று எழுதியிருக்கும் யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தரும். பெரிய கிராஃபிக்ஸ் கார்டு உள்ள மெஷினுக்கு அது காணாது. வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுபவர்கள் அதிலுள்ள யூபிஎஸ் மோடு ஸ்விட்ச் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். மற்ற மோடில் மாறுவதற்குக் கூடுதல் நேரம் ஆகும். ஃபேனுக்குத் தெரியாது, கம்ப்யூட்டருக்குத் தெரியும்.

பவர் சப்ளை விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் கறார். கேபினெட்டோடு இலவசமாக வந்ததை நம்பி விலை உயர்ந்த கார்டை மாட்டாதீர்கள். '80 பிளஸ்' முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் மாறுகிறது என்பதற்கான சான்று, தரத்துக்கான உத்தரவாதம் அல்ல. மல்டிமீட்டரில் 12 வோல்ட் லைன் 11.4-க்கும் 12.6-க்கும் நடுவில் இருக்க வேண்டும். ஆனால் நொடிக்கும் குறைவான சரிவை மீட்டர் பிடிக்காது. நல்ல பவர் சப்ளை ஒன்றை இரவல் வாங்கி இரண்டு நாள் ஓட்டிப் பார்ப்பதே நம்பகமான சோதனை. பழையதைப் பிரித்துப் பார்க்க வேண்டாம். பிளக்கை எடுத்த பிறகும் உள்ளே ஷாக் அடிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும்.

வாடகை வீடு என்றால் இன்னொன்று. கேபினெட்டைத் தொட்டால் விரலில் சுருக்கென்கிறதா? பிளக் பாயின்டில் எர்த்திங் இல்லாமல் இருக்கலாம். ரீஸ்டார்ட்டுக்கு அதுதான் காரணம் என்று சொல்ல முடியாது, ஆனால் அது உயிர் சம்பந்தப்பட்டது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

ரேம், சூடு, டிரைவர்

ஒவ்வொரு முறையும் வெவ்வேறு பிழைப் பெயர் வந்தால் ரேமைச் சந்தேகிக்கலாம். பயாஸில் 'எக்ஸ்எம்பி' அல்லது 'எக்ஸ்போ' ஆனில் இருந்தால் அணைத்துவிட்டு சில நாள் ஓட்டுங்கள். பிறகு 'மெம்டெஸ்ட்86'-ஐ ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் ஃபெயில்தான். இரண்டு ரேம் இருந்தால் ஒன்றைக் கழற்றி, மாற்றி மாற்றிப் போட்டு எது என்று கண்டுபிடிக்கலாம்.

சூடு மிஞ்சினால் பிராசசர் முதலில் வேகத்தைக் குறைக்கும், அப்புறம் அணைந்தேவிடும். 'எச்டபிள்யூஇன்ஃபோ'வில் வேலை நேர வெப்பம் 100 டிகிரியை நெருங்கினால் தூசி தட்டி, தெர்மல் பேஸ்ட் மாற்றுங்கள்.

ஒரே பிழை, ஒரே ஃபைல் பெயர் என்றால் டிரைவரோ, ஆன்டிவைரஸ், விபிஎன் போல ஆழத்தில் ஓடும் சாஃப்ட்வேரோ காரணமாக இருக்கலாம். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக்கின் ஒரு தவறான அப்டேட் சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்களைச் சாய்த்தது நினைவிருக்கும். இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

இன்டெல் 13, 14-வது தலைமுறையா?

அப்படியென்றால் இதைத் தனியாகப் பார்க்க வேண்டும். இந்தத் தலைமுறைகளின் ஐ7, ஐ9 டெஸ்க்டாப் பிராசசர்கள் பலவும், ஐ5-ல் 'கே' வகையும் அளவுக்கு மீறிய வோல்டேஜால் நாளடைவில் நிலைகுலைவதை 2024-ல் இன்டெல் ஒப்புக்கொண்டது. ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் மைக்ரோகோட் திருத்தங்கள் வந்தன. வாரன்டியையும் இரண்டு வருடம் நீட்டித்தார்கள். பாக்ஸோடு வாங்கியவற்றுக்கு மொத்தம் ஐந்து வருடம். திருத்தம் மதர்போர்டின் பயாஸ் அப்டேட் வழியாக வரும். ஏற்கெனவே கெட்டுப்போன பிராசசரை அது சரிசெய்யாது, மாற்றித்தான் வாங்க வேண்டும். பில்லைத் தேடி எடுங்கள். அசெம்பிள் செய்தவர் பாக்ஸ் பிராசசர் போட்டாரா, டிரே பிராசசர் போட்டாரா என்று கேளுங்கள்; டிரே என்றால் விற்றவர் மூலமாகத்தான் கேட்டுப் பெற முடியும்.

பயாஸ் அப்டேட் நடுவில் ரீஸ்டார்ட் ஆனால் மதர்போர்டே முடங்கலாம். அதனால் முதலில் பயாஸை டீஃபால்ட்டுக்குக் கொண்டுவந்து, வேலை செய்யும் யூபிஎஸ்ஸில் மாட்டிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். போர்டில் 'ஃபிளாஷ்பேக்' பட்டன் இருந்தால் அதுவே பாதுகாப்பான வழி.

இவ்வளவும் பார்த்தாகிவிட்டது, ஆனாலும் விழுகிறதா? கேபினெட்டின் ரீசெட் பட்டன் உள்ளே சிக்கியிருக்கிறதா என்று ஒரு தடவை அழுத்திப் பாருங்கள், சிரிக்காதீர்கள், நடப்பதுதான். அதுவும் இல்லை என்றால் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். மெஷினோடு அந்த ஷீட்டையும், ஃபோனில் எடுத்த படத்தையும் கொடுங்கள். எதையும் விலைக்கு வாங்கும் முன், அவர்களிடம் உள்ள பவர் சப்ளையையும் ரேமையும் மாட்டி ஓட்டிக்காட்டச் சொல்லுங்கள்.