கேபிடல் கொட்டகை

மன்னர் எழுப்பிய கோயில்களையும் கோட்டைகளையும் பற்றி நூல்கள் பல உள. மக்கள் மாலைப்பொழுதில் கூடியிருந்து சிரித்தும் கண்ணீர் சிந்தியும் களித்த படக்கொட்டகைகளைப் பற்றி எழுதுவார் மிகச் சிலரே. கோயில் இடிந்தால் கல்லேனும் எஞ்சும். கொட்டகை மறைந்தால் சுவர் நின்ற தடமும் எஞ்சுவதில்லை. ஆயினும், ஒரு காலத்து மக்கள் யாருடன் அமர இசைந்தனர், யாரை வாயிலுக்கு வெளியே நிறுத்தினர் என்பதை அறியக் கொட்டகையும் ஒரு நல்ல சான்றாகும்.

பெருங்கடவிளை, நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பகுதிகளிலிருந்து நாள்தோறும் பேருந்தேறித் திருவனந்தபுரம் செல்லும் நம்மவர், தலைமைச் செயலகத்தை அடுத்துள்ள ஏ.ஜி. அலுவலகத்தை நன்கு அறிவர். அதன் எதிர்ப்புறத்தில்தான் முன்னாளில் கேபிடல் என்னும் படக்கொட்டகை இருந்தது. மலையாள நாட்டின் முதலிரண்டு ஊமைப்படங்களும் திருவனந்தபுரத்தில் திரையேறிய இடம் அதுவே. அவ்விரு படங்களின் பின்னும் நம் தென்திருவிதாங்கூர் மக்களின் கையும் பொருளும் இருந்தன என்பதை நம் இளைஞருள் அறிந்தோர் எத்தனை பேர்?

தென்னாட்டில் படக்காட்சியை ஊர் ஊராகக் கொண்டு சென்றவர்களுள் முன்னோடி சாமிக்கண்ணு வின்சென்ட். இரயில்வே ஊழியராக இருந்த அவர், 1905ஆம் ஆண்டில் டுபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து கருவியையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கிக் கூடாரமடித்துக் காட்டினார். அக்காலப் படங்கள் பேசா. திரையருகே ஒருவர் நின்று கதையை உரக்கச் சொல்லுவார். தரையில் அமர்ந்தோரும் பெஞ்சியில் அமர்ந்தோரும் நாற்காலியில் அமர்ந்தோரும் ஒரே திரையைத்தான் கண்டனர். ஆனால் கொடுத்த காசும் பிறந்த குலமும் அவர்களைப் பிரித்தே வைத்தன.

அகஸ்தீஸ்வரத்தைச் சேர்ந்த ஜே. சி. டேனியல், குடும்பச் சொத்தை விற்றுப் பொருள் திரட்டி, 1926இல் திருவனந்தபுரம் பட்டத்தில் திருவாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ் என்னும் படப்பிடிப்பு நிலையத்தை நிறுவினார். அங்கு உருவானதே ‘விகதகுமாரன்’. காணாமற்போன மகன் என்பது அதன் பொருள். திருவிதாங்கூர்ச் செல்வர் ஒருவரின் மைந்தன் இலங்கைக்குக் கடத்தப்பட்டுத் தோட்டத் தொழிலாளியாக வளர்ந்து, பின்னர் வீடு திரும்புவதே கதை. புராணப் படங்களே மிகுந்திருந்த நாளில், பிழைப்புக்காகக் கடல் கடந்தோர் வாழ்ந்த மண்ணை இப்படம் திரைக்குக் கொணர்ந்தது. ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு அது அயலார் கதையன்று.

படம் கேபிடலில் திரையிடப்பட்டது 1928 நவம்பர் 7 என்று நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது. 1930 அக்டோபர் 23 என்பதே சரியென ஆய்வாளர் சிலர் பின்னர் காட்டினர். தொடங்கி வைத்தவர் புகழ்பெற்ற வழக்கறிஞர் மள்ளூர் கோவிந்தப் பிள்ளை. கதாநாயகியாக நடித்தவர் பி. கே. ரோசி. தமிழும் மலையாளமும் கலந்து ஆடப்படும் காக்காரிசி நாடகத்தில் பயின்ற அவர், தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்தவர். தம் படத்தின் முதற்காட்சியில் அவர் அமர்வதற்கு இடம் தரப்படவில்லை. அத்தகைய பெண் நாயர் குலப் பெண்ணாகத் திரையில் தோன்றியதைப் பொறாத கூட்டம் திரை மீது கல்லெறிந்தது. பின்னர் அவருடைய குடிசையும் எரிக்கப்பட்டது. அவர் நாகர்கோவில் பக்கம் தப்பிச் சென்று, ராஜம்மாள் என்ற பெயரில் எஞ்சிய வாழ்நாளைக் கழித்தார் என்பர். காணாமற்போன மகனின் கதையைச் சொன்ன கொட்டகை, ஒரு மகளைக் காணாமற்போகச் செய்தது.

1933இல் அதே கேபிடலில் ‘மார்த்தாண்ட வர்மா’ திரையேறியது. டேனியலின் உறவினரான சுந்தரராஜ் தயாரிக்க, பி. வி. ராவ் இயக்கியது அது. சி. வி. இராமன் பிள்ளையின் 1891ஆம் ஆண்டு நாவலே அதன் மூலம். நாவலின் உரிமையைப் பெற்றிருந்த கமலாலயம் புத்தக நிலையத்தார் வழக்குத் தொடுத்தனர். படம் சில நாட்களிலேயே நிறுத்தப்பட்டுப் பறிமுதலாயிற்று. முடங்கிக் கிடந்த அந்தச் சுருளே 1974இல் புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தை அடைந்து இன்றளவும் உள்ளது. தடையின்றி ஊர்ஊராக ஓடிய ‘விகதகுமாரன்’ முற்றும் அழிந்தது! நீதிமன்றத் தடை ஒன்றைக் காத்தது. மக்களின் புறக்கணிப்பு மற்றொன்றை அழித்தது.

1938இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி. ஆர். சுந்தரம் ‘பாலன்’ என்னும் முதல் மலையாளப் பேசும் படத்தை வெளியிட்டார். கையிருப்பை இழந்த டேனியலோ பல் மருத்துவராகப் பிழைத்தார். 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவழி பிரிக்கப்பட்டபோது அகஸ்தீஸ்வரமும் தோவாளையும் கல்குளமும் விளவங்கோடும் தமிழகம் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. முதுமையில் அவர் உதவி வேண்டியபோது, தமிழ்நாட்டுக்காரர் என்று கேரளத்தில் கூறப்பட்டதாக அவர் வரலாற்றை எழுதியோர் குறிப்பர். மலையாளப் படத்தை ஈன்றவரைத் தமிழகமும் தன்னவராக ஏற்கவில்லை. 1975இல் அவர் மறைந்தார். இதழாளர் சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன் விடாது எழுதியதாலேயே அவர் பெயர் மீண்டது. 1992இல் கேரள அரசு தன் உயர்ந்த திரைப்பட விருதுக்கு அவர் பெயரையே சூட்டியது. 2013இல் ‘செல்லுலாய்டு’ என்னும் படம் அவரையும் ரோசியையும் மக்கள் முன் நிறுத்தியது.

இன்று கேபிடல் இல்லை, விகதகுமாரனும் இல்லை. எஞ்சியது நினைவு ஒன்றே. எல்லைக்கோட்டின் இருபுறமும் உறவு வைத்து, இரு மொழியிலும் பேசி வாழும் நம் குடும்பங்களுக்கு அந்நினைவைக் காக்கும் கடமை பிறரினும் மிகுதி. கோடு இட்டவர் மண்ணைத்தான் பிரித்தனர். மக்களின் வரலாற்றைப் பிரிக்க இயலாது. டேனியல் எந்த மாநிலத்தவர் என்று நம் பிள்ளைகள் வினவினால், ‘நம்மவர்’ என்று சொல்லுவோம். ரோசி யார் என்று வினவினாலும் அவ்விடையையே தயங்காது சொல்லுவோம். அன்று கொட்டகையில் மறுக்கப்பட்ட இருக்கையை நம் நெஞ்சிலேனும் அவ்வம்மைக்கு அளிப்போமாக!